காலனிப் பள்ளிக்கூடத்தின் பெயர்ப்பலகையும் சேர்க்கைப் பதிவேடும்

#1 வெண்கட்டி

வணக்கம். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு ஆதிதிராவிடர் நலத் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருக்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். பிள்ளைகள் இருக்கிறார்கள், பெற்றோர் இருக்கிறார்கள்.

போன மாதம் மழைக்கு ஆபீஸ் அறை ஒழுகியது. பீரோவை நகர்த்தினால் பின்னால் ஒரு இரும்புப் பெட்டி. சாவி இல்லை, கொல்லரைக் கூப்பிட்டுத்தான் திறந்தோம். உள்ளே பழைய அட்மிஷன் ரிஜிஸ்டர்கள், மொத்தம் ஒன்பது. மூத்தது 1926-ல் தொடங்குகிறது. அட்டையில் 'லேபர் டிபார்ட்மெண்ட் எலிமெண்டரி ஸ்கூல்' என்று ரப்பர் ஸ்டாம்ப். இன்னொன்றில் 'அரிஜன நல ஆரம்பப் பள்ளி'. அதற்குப் பின்னால் வந்தவற்றில்தான் இன்றைய பெயர்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகவே மனசில்லை. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாதி என்ற பத்தியில் முதல் பிள்ளைக்கு மட்டும் நிப்புப் பேனாவால் 'ஆதி திராவிட' என்று முழுசாக எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே பக்கத்தின் அடிவரை 'மேற்படி' குறிதான். அடுத்த பக்கமும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. ஐம்பது வருடத்துக்கு அந்தப் பத்தியில் வேறு எந்தச் சொல்லும் இல்லை. 1977-ல்தான் முதல்முறையாகக் குறி உடைகிறது. யாரென்று பார்த்தால், அப்போது அங்கே வேலை பார்த்த வாத்தியாரின் மகன்.

பெற்றோர் கையெழுத்துப் பத்தியில் எல்லாம் கட்டைவிரல் ரேகை. 'நீங்கிய காரணம்' என்ற பத்திதான் என்னைத் தூங்கவிடவில்லை. மாடு மேய்க்க. பண்ணை வேலை. ஊரை விட்டுப் போனது. காலரா. திரும்பவும் மாடு மேய்க்க.

எங்களைப் போன்ற பள்ளிகளையெல்லாம் பள்ளிக் கல்வித் துறையோடு இணைக்கப் போவதாக 2023-24 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். பெயரில் இருக்கும் சாதி அடையாளத்தை எடுக்க வேண்டும் என்று நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் பரிந்துரை கொடுத்தது. எடுக்க வேண்டியதுதான், எனக்கு அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் பழைய ரிஜிஸ்டர்களைப் பார்த்த ஒருவர், "இதெல்லாம் கரையான் தின்றது டீச்சர், கழிச்சுக் கட்டிடுங்க" என்றார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆண்டு விழாவுக்கு இந்தப் பள்ளியின் வரலாற்றை எழுதிப் படிக்க நினைக்கிறேன். தனிப் பள்ளி என்ற ஏற்பாடு எங்கிருந்து வந்தது, யார் கேட்டது, யார் கொடுத்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ஊரூர்க்காரன்

டீச்சர், பெட்டியைத் திறந்ததற்கே உங்களுக்கு ஒரு கும்பிடு.

நான் பெசன்ட் நகர் ஓரம் ஊரூர்ப் பக்கம் வளர்ந்தவன். பிரம்மஞான சபையைத் தொடங்கியவர்களில் ஒருவரான அமெரிக்கர் கர்னல் ஆல்காட், 1894-ல் சேரிப் பிள்ளைகளுக்கென்று தன் முதல் இலவசப் பள்ளியைத் தொடங்கியது எங்கள் பக்கம்தான். இன்று அது ஆல்காட் நினைவு மேல்நிலைப் பள்ளி. அதன்பின் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் என்று மற்றப் பள்ளிகள் வந்தன. ஆல்காட் நல்ல மனிதர். ஆனால் அவர் வைத்த இலக்கு சிறியது: எழுதப் படிக்க, கணக்குப் போட, கொஞ்சம் ஆங்கிலம். பிள்ளைகள் அதைத் தாண்டிப் போனார்கள் என்பது அவர்களுடைய பெருமை.

அவராக வந்து கொடுத்தது போல மட்டும் எழுதிவிடாதீர்கள். கேட்டவர்கள் முன்னாலேயே கேட்டுவிட்டார்கள். 1892-ல் சென்னை மகாஜன சபை என்ற அரசியல் சங்கத்தின் கூட்டத்தில், தலித் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதர் எழுந்து கோயிலில் நுழையும் உரிமையைக் கேட்டார். சபை கொந்தளித்தது. அது நடக்காது என்று ஆனபின் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரை இலவசப் படிப்பும் தரிசு நிலமும் கேட்டார். அதற்குத் தலையாட்டினார்கள். கோயில் இல்லை, பள்ளிக்கூடம் உண்டு, ஆனால் தனியாக. நூறு வருடத்துச் சங்கதி அந்த ஒரு கூட்டத்தில் இருக்கிறது.

உங்கள் மாவட்டமே இதில் முக்கியமான இடம். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் பறையர் மக்களின் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையைத் தொடர்ந்துதான் 1892-ல் நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். அடுத்த வருடம், 1893-ல், பஞ்சமர் (தீண்டாமையால் ஒதுக்கப்பட்டவர்களுக்கு அன்றைய பெயர்) கல்விக்கென்று தனி அரசாணை. சேரிகளில் பள்ளி தொடங்க ஊக்கம், பள்ளிக்குப் புறம்போக்கு நிலம், அவர்களிலிருந்தே வாத்தியார்களைப் பயிற்றுவிக்க உதவித்தொகை. உங்கள் பள்ளி எந்த நிலத்தில் நிற்கிறது என்று கிராமக் கணக்கில் பாருங்கள். புறம்போக்காகத்தான் இருக்கும்.

'பஞ்சமர்' என்ற சொல்லை அயோத்திதாசர் கடைசிவரை ஏற்கவில்லை. அதனால் பெயர்ப்பலகைச் சண்டை இன்றைக்கு வந்ததல்ல.

#3 ஏரிக்கரை

எல்லாம் சரி அண்ணே. ஆனால் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

பொதுப் பள்ளியின் கதவைத் திறப்பது கஷ்டமான வேலை. ஊர் எதிர்க்கும், மணியக்காரர் எதிர்ப்பார், வாத்தியார் லீவு போடுவார். சேரியில் தனியாக ஒரு கொட்டகை போடுவது சுலபம். யாருக்கும் கோபம் வராது. அரசாங்கம் சுலபமானதைச் செய்தது. செய்ததோடு ஊர்க்காரனுக்கு ஒரு சாக்கும் கொடுத்தது: "உங்களுக்குத்தான் அங்கே ஸ்கூல் இருக்கே, இங்கே எதுக்கு வர்றே?" என் தாத்தாவை இப்படித்தான் திருப்பி அனுப்பினார்கள். ஊர்ப் பள்ளி அவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். தனிப் பள்ளிக்கு ஒரு மைல் நடந்தார்.

அதனால் இந்த வரலாற்றைக் கொண்டாட எனக்குக் கை வரவில்லை. ஒதுக்கி வைத்ததை உதவி என்று எழுதக் கூடாது.

#4 மதுராந்தகத்தான்

தம்பி ஏரிக்கரை சொல்வது நியாயம். நானும் அதே மாதிரிப் பள்ளியில் படித்தவன், அதனால் இன்னொரு பக்கத்தையும் சொல்கிறேன். எனக்கு எழுபத்தாறு வயது. பேத்திதான் தட்டச்சு செய்கிறாள்.

நான் 1954-ல் ஒன்றாம் வகுப்பு. அப்போதும் எங்கள் ஊரில் அதை லேபர் ஸ்கூல் என்றுதான் சொல்வார்கள். பலகையில் அரிஜன நலம் என்று இருக்கும். மண் சுவர், பனையோலைக் கூரை, சாணி மெழுகிய தரை. ஒரே வாத்தியார், ஐந்து வகுப்பு. மணி கிடையாது; வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருக்கும். அதை ஆணியால் அடிக்கும் வேலைக்கு எங்களுக்குள் அடிதடி. பள்ளிக்கூடம் ஏரியின் கலங்கல் பக்கம். தண்ணீர் வழிகிற வருடம் பத்து நாள் பள்ளி கிடையாது.

அங்கே நான் பயந்ததே இல்லை. வாத்தியாரும் எங்கள் ஆள்தான், வேறு தாலுக்காவிலிருந்து வந்தவர். தலையில் கை வைப்பார். ஸ்லேட்டை அவர் கையால் வாங்கிப் பார்ப்பார். இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா என்று இன்றைக்குப் பிள்ளைகள் கேட்கலாம். ஐந்தாவது முடித்து ஊருக்குள் இருந்த பெரிய பள்ளியில் ஆறாவது சேர்ந்தேன். முதல் நாள் ஸ்லேட்டு நீட்டினேன், "கீழே வை" என்றார் வாத்தியார். கீழே வைத்தபின் குனிந்து எடுத்துப் பார்த்தார். தண்ணீர்ப் பானை திண்ணையில் இருந்தது. நாங்கள் மூன்று பேர் மட்டும் கையைக் குவித்துக்கொண்டு நிற்க வேண்டும், ஊர்ப் பையன் ஒருவன் மேலிருந்து ஊற்றுவான். அவனுக்கு மனசு இருந்தால் நிறைய ஊற்றுவான். தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டம் வந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

மதிய உணவு காமராஜர் காலத்தில் 1956-ல் தொடங்கினதாகச் சொல்வார்கள். எங்களுக்கு அது வந்து சேர்ந்தபோது நான் மூன்றாவது. அதற்கு முன்னால் மதியம் வீட்டுக்குப் போனவன் பாதிப் பேர் திரும்ப வரமாட்டான். வீட்டில் ஒன்றும் இருக்காது, அப்படியே வரப்புப் பக்கம் போய்விடுவான். சோறு வந்தபின் போனவன் எல்லாம் உட்கார்ந்தான். எங்கள் வீட்டில் ஐந்தாவது முடித்த முதல் ஆள் நான். எனக்கு மூத்த அக்காவும் அதே பள்ளியில்தான் படித்தாள், அவளுக்குப் படிப்பு ஏறவில்லை என்று நிறுத்திவிட்டதாக அம்மா சொல்லும்.

ஒதுக்கித்தான் வைத்தார்கள் தம்பி. ஆனால் ஒதுக்கி வைத்த இடத்தில் ஒரு வாத்தியார் என் தலையில் கை வைத்தார். இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள் டீச்சர்.

#5 உசிலைமண்

ஐயா எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே இருந்தேன்.

எங்கள் பக்கம் கதை வேறு மாதிரி, ஆனால் ஒட்டு உண்டு. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இருப்பவை கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள். எங்களைக் குற்றப்பரம்பரை என்று சட்டம் போட்டுக் கைரேகை வைத்தார்கள். 1920-ல் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்களைச் சுட்டார்கள். அதே காலத்தில்தான் 'சீர்திருத்த' என்று பள்ளியும் கொண்டுவந்தார்கள். திருத்தப்பட வேண்டியவன் என்று பெயர் வைத்த பள்ளியில் படித்துத்தான் எங்கள் ஆட்கள் வாத்தியாராகவும் வக்கீலாகவும் ஆனார்கள். இணைப்பு அறிவிப்பு வந்தபோது எங்கள் பக்கம் எதிர்ப்பும் கிளம்பியது. பலகையில் இருக்கும் சொல் மேல் ஆசை இல்லை. பள்ளியும் விடுதியும் சொத்தும் கைவிட்டுப் போகும் என்ற பயம்.

டீச்சர் பள்ளி ரிஜிஸ்டரிலும் கைரேகை என்று படித்ததும் மனசு எங்கேயோ போய்விட்டது. எங்கள் தாத்தன் போலீஸ் ஸ்டேஷனில் வைத்த ரேகை அது. அங்கே ஒரு தகப்பன் பிள்ளையைச் சேர்க்க வைத்திருக்கிறான்.

#6 நிலாவாசகி

எல்லாரும் மன்னிக்கணும். நான் ஒரு அம்மாவாக எழுதுகிறேன்.

ஆண்டு விழாவில் எட்டு வயசுப் பிள்ளைகள் முன்னால் இதையெல்லாம் படிக்க வேண்டுமா? என் மகள் படித்ததும் இந்த மாதிரிப் பள்ளிதான். டி.சி.யில் பள்ளியின் பெயரைப் பார்த்த உடனே எதிரில் இருப்பவர் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளை வாயைத் திறப்பதற்கு முன்னால் பள்ளியின் பெயர் அவள் சாதியைச் சொல்லிவிடுகிறது. பெயரை எடுங்கள், சீக்கிரம் எடுங்கள். பழையதை ஏன் மேடையில் ஏற்ற வேண்டும்?

#7 வெண்கட்டி

நிலாவாசகி அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு நாளாக யோசித்தேன். டி.சி. விஷயம் முழுக்க உண்மை. ஐந்தாவது முடிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்தான் அந்த டி.சி.யை எழுதித் தருகிறேன்.

பிள்ளைகளுக்கு எதுவும் தெரியாது என்று நாம் நினைக்கிறோம். போன வாரம் நாலாவது படிக்கும் ஒரு பெண், "டீச்சர், நம்ம ஸ்கூலுக்கு ஏன் ஊர்ப் பசங்க வர்றதில்ல?" என்று கேட்டாள். நான் "அவங்க வேற ஸ்கூல்ல படிக்கிறாங்க" என்றேன். அவள் "அது தெரியும்" என்றாள். அதற்குமேல் கேட்கவில்லை. அந்த 'அது தெரியும்' என்னை ரொம்ப உறுத்துகிறது.

மேடையில் எதைப் படிப்பது, பெற்றோரோடு மட்டும் எதைப் பேசுவது என்று பிரித்துக்கொள்கிறேன். அது உங்களால் வந்த யோசனை. நன்றி அக்கா.

#8 ஊரூர்க்காரன்

ஏரிக்கரைத் தம்பியின் கோபத்துக்குப் பதில் எழுத வேண்டும் என்று இருந்தேன். மறுப்பதற்காக எழுதவில்லை. அவர் சொன்னதுக்கே ஆதாரம் கொடுக்கிறேன்.

அரசாங்கப் பள்ளியில் சாதியைக் காட்டி யாரையும் மறுக்கக் கூடாது என்ற பேச்சு மிகப் பழையது. 1856-ல் தார்வாடில், அங்கே தீண்டப்படாதவர்களாக ஒதுக்கப்பட்ட மகார் சாதிச் சிறுவன் ஒருவன் அரசுப் பள்ளியில் சேர்க்கக் கேட்டு மனுப் போட்டான். பம்பாய் அரசு மறுத்தது. மறுத்தது தப்பு என்று மேலிடம் பிற்பாடு எழுதியது. கல்வி பற்றி விசாரித்த 1882-ன் ஹண்டர் கமிஷனும் அந்தக் கொள்கையைத் திரும்பச் சொன்னது. சொல்லிவிட்டு, எதிர்ப்பு இருக்கிற இடங்களில் தனிப் பள்ளிகளை ஊக்குவிக்கலாம் என்றது. தம்பி சொன்ன 'சுலபமான வழி' அந்த வரியிலேயே இருக்கிறது.

சென்னை மாகாணத்தில் பொதுப் பள்ளிகள் எங்கே நடந்தன? பல ஊர்களில் அக்கிரகாரத்தில், கோயில் மண்டபத்தில், சாவடியில். பள்ளியில் சேரத் தடை இல்லை என்று ஆணை இருக்கும், பள்ளிக்குப் போகும் தெருவில் நடக்கத் தடை இருக்கும். 1919-ல்தான் இதையே அரசாங்கம் எடுத்துப் பேசியது, எல்லாரும் வந்துபோகக்கூடிய இடத்துக்குப் பள்ளிகளை மாற்றச் சொன்னது. பொதுத் தெரு, கிணறு, குளம் எல்லாருக்கும் பொது என்று இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தது 1924-ல். தெருவைத் திறக்கவே தீர்மானம் வேண்டியிருந்தது.

நடுவில் 1920-ல் தொழிலாளர் ஆணையர் என்ற பதவி வந்தது. வீட்டுமனை, கிணறு, பள்ளிக்கூடம் எல்லாம் அந்தத் துறையின் வேலை. 'லேபர் ஸ்கூல்' என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். பள்ளிக்கூடத்தைக் கல்வித் துறை நடத்தாமல் தொழிலாளர் துறை நடத்தியது என்பதை நினைத்துப் பாருங்கள். சேரிப் பிள்ளை முதலில் கூலியின் பிள்ளை, அப்புறம்தான் மாணவன். 1922-ல் ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜா முயற்சியால் பஞ்சமர் போய் ஆதிதிராவிடர் என்ற பெயர் அரசுப் பதிவில் வந்தது. உங்கள் 1926 ரிஜிஸ்டரில் அந்தச் சொல் இருப்பதற்கு அதுதான் காரணம் டீச்சர். ஐந்து வருடம் முன்னால் தொடங்கியிருந்தால் வேறு சொல் இருந்திருக்கும். 1949-ல் அரிஜன நலத்துறை தனியாகப் பிரிந்தது, உங்கள் இரண்டாவது ரப்பர் ஸ்டாம்ப்.

இன்னொன்று. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டம். மீதி நேரம் அப்பா செய்கிற தொழிலைப் பழக வேண்டும். காலனிப் பிள்ளையின் அப்பா செய்த தொழில் பண்ணையாள். 'நீங்கிய காரணம்' பத்தியில் இருப்பதைப் பாடத்திட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தது போலத்தான். 1954-ல் எதிர்ப்பில் அது போனது, ராஜாஜியும் போனார், காமராஜர் வந்தார். மதுராந்தகத்தான் ஐயா ஒன்றாவது சேர்ந்த வருடம்.

#9 ஏரிக்கரை

நன்றி அண்ணே. 'தெருவில் நடக்கத் தடை' என்ற வரியைத் தாத்தா இருந்திருந்தால் படித்துக் காட்டியிருப்பேன்.

ஐயா எழுதிய ஸ்லேட்டு விஷயம் என் கோபத்தைக் குறைக்கவில்லை, ஆனால் திசையை மாற்றிவிட்டது. தனிப் பள்ளியைத் திட்டிக்கொண்டிருந்தேன். திட்ட வேண்டியது திண்ணையில் பானை வைத்த பள்ளியை.

இன்றைக்கும் பாருங்கள். சட்டப்படி ஊர்ப் பிள்ளை காலனிப் பள்ளிக்கு வரலாம். காலையில் எட்டு மணிக்கு மஞ்சள் வேன் வந்து ஊர்ப் பிள்ளைகளை டவுன் பள்ளிக்கு ஏற்றிக்கொண்டு போகிறது. காலனியில் கொஞ்சம் வசதி வந்தவர்களும் அதே வேனில் ஏற்றுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2018-ல் அவிநாசி பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் தலித் பெண் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிடாது என்று ஊர்க்காரர்கள் பள்ளியையே மறித்தார்கள். அது பொதுப் பள்ளி. பலகையில் எந்தச் சாதிப் பெயரும் கிடையாது.

#10 ஆவணத்தூசி

வரலாறு பேச வரவில்லை, பெட்டியைப் பற்றி மட்டும். நான் பழைய தாள்களோடு வேலை செய்கிறவன்.

டீச்சர், தயவுசெய்து செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். இரண்டும் தாளைக் கொன்றுவிடும். நேரடி வெயிலிலும் போடாதீர்கள். நிழலில், காற்றோட்டத்தில் விரித்து ஈரம் போகவிடுங்கள். ஒட்டியிருக்கும் பக்கங்களைப் பிய்க்க வேண்டாம். மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். பிறகு ஜன்னலோர வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், செல்போனை நேர் மேலே பிடித்துப் பக்கத்துக்கு ஒரு படம். அட்டை, உள் அட்டை, காலிப் பக்கம் எல்லாமே. மூலத்தைத் தரையிலோ சுவரை ஒட்டியோ வைக்காமல் அலமாரியில் உயரமாக வையுங்கள்.

படங்களை இணையத்தில் அப்படியே போட வேண்டாம். உயிரோடு இருப்பவர்களின் பெயரும் சாதியும் அதில் இருக்கிறது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தொழிலாளர் துறையின் பழைய ஆண்டறிக்கைகளைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் பள்ளி தொடங்கிய ஆணையைத் தேட அதுதான் இடம்.

கழித்துக் கட்டச் சொன்னவரிடம் ஒன்று சொல்லுங்கள்: பிறந்த தேதிக்கு வேறு சான்று இல்லாத பழையவர்களுக்குப் பள்ளிப் பதிவேடுதான் சான்று. அவரே பயந்து பத்திரமாக வைப்பார்.

#11 மதுராந்தகத்தான்

டீச்சருக்குத் தனிமடல் போட்டிருக்கிறேன். செங்கல்பட்டுப் பக்கம், லேபர் ஸ்கூல் ஸ்டாம்ப், 1926, எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால் அது எங்கள் பள்ளிக்கூடமாகத்தான் இருக்கும் என்று ரெண்டு நாளாக மனசு அடித்துக்கொள்கிறது. ஊர்ப் பெயரையும் எங்கள் அக்கா பெயரையும் மடலில் எழுதியிருக்கிறேன். 1947 வாக்கில் சேர்ந்திருப்பாள். அவள் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அவள் பெயர் எழுத்தில் இருந்தால் பார்த்துச் சொல்லுங்கள். அவளுக்கு ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் பெயர் எழுதி நான் பார்த்ததில்லை.

#12 வெண்கட்டி

ஐயா, அதே பள்ளிதான். தண்டவாளத் துண்டு இன்னும் இருக்கிறது. மரம் விழுந்துவிட்டது, துண்டு ஸ்டோர் ரூமில் கிடந்தது. நாளைக்கே எடுத்து மாட்டச் சொல்லியிருக்கிறேன்.

அக்காவின் பெயர் இருக்கிறது. 1947 ஜூன், ஒன்றாம் வகுப்பு. பக்கத்துச் சிறுமியின் பெயருக்கு மேலே, நல்ல குண்டு எழுத்தில். ஆவணத்தூசி சொன்னபடி ஜன்னலோரம் வைத்துப் படம் எடுத்து உங்களுக்கு மட்டும் அனுப்பியிருக்கிறேன். வருகைப் பதிவேடும் அதே பெட்டியில் ஒன்று கிடைத்தது. நின்ற வருடம் வரை ஒரு மாதம்கூட அதிகம் விடுப்பு எடுக்கவில்லை. இரண்டாம் வகுப்புத் தேர்ச்சி என்று எழுதியிருக்கிறது.

நீங்கிய தேதி 1949 நவம்பர். 'நீங்கிய காரணம்' பத்தியில், "வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள."

நீங்கள் பிறந்தது அந்த வருடம்தான் என்று பேத்தி மடலில் எழுதியிருந்தாள். ஆண்டு விழாவுக்குக் கட்டாயம் வாருங்கள் ஐயா. மணியை நீங்கள்தான் அடிக்க வேண்டும்.